எண் வெட்டினர், பெயர் வெட்டினரில்லை

வேலூர்க் கடைத்தெருவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதிற் பதித்த கல்லில் ஆங்கிலத்தில் சில வரிகள் உள. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரினின்று 277 பேர் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் அவ்வரிகள் கூறும். அவ்வளவே. அப் பதினால்வர் யாவர்? யார் மக்கள்? எத் தெருவினர்? எக் களத்தில் வீழ்ந்தனர்? கல் வாய் திறவாது. இதே வாய்பாட்டில் அமைந்த கற்களை ஆங்கில அரசு வேறு பல ஊர்களிலும் பதித்துச் சென்றது. ஊர்ப்பெயரையும் இரண்டு எண்களையும் மாற்றினாற் போதும். ஓர் அச்சில் அறுத்த செங்கல்போல் எல்லா ஊருக்கும் பொருந்தும். சந்தைக்கு ஓட்டிய மாட்டை எண்ணுவதுபோல் எண்ணியிருக்கிறான் வெள்ளையன்: போனவை இத்தனை, திரும்பாதவை இத்தனை. மாட்டுக்குக்கூட நம்மூர் உழவன் பெயர் வைத்தன்றோ அழைப்பான்!

இனி, நம் முன்னோர் செய்ததைப் பாருங்கள். போரில் வீழ்ந்தானுக்குக் கல் நடுவதை ஒரு துறையாகவே வகுத்தது தொல்காப்பியம். தக்க கல்லைக் கண்டு தேர்தல், அதனைக் கொணர்தல், நீரில் ஆட்டித் தூய்மை செய்தல், நடுதல், அதற்குப் பெரும்படையல் இடுதல், வாழ்த்தல் என்று ஆறு படிகளை அது முறைப்படுத்திச் சொல்கிறது. நட்ட கல்லில் வீழ்ந்தானுடைய பெயரையும் பெருமையையும் எழுதினர் என்று அகநானூற்றுப் புலவர் பாடினர். இது பாட்டு மட்டுந்தானா என்று ஐயுற்றார்க்கு விடை 2006ஆம் ஆண்டிற் கிடைத்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் 2,000 ஆண்டுக்கு மேற்பட்டவை என அறிஞர் கணிப்பர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோட் பூசலைக் குறித்து, அதில் வீழ்ந்த அந்தவன் என்பானைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. அவன் வேந்தனல்லன், வேளுமல்லன். ஆநிரை மீட்கவோ கவரவோ போன ஓர் ஊரான். அவனுக்குப் பெயர் இருந்தது. அப் பெயரைத் தமிழில் எழுதவும் ஊரில் ஒருவன் இருந்தான்.

நம் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே செங்கம் நாட்டில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே மகேந்திரவருமப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லொன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்குரியது அது. அவன் உருவின் பக்கத்தே ஒரு நாயின் உருவும் செதுக்கியிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற அந் நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லிலேயே எழுதி வைத்தனர். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்குக் கல் நட்டு, அஃது எவ்வூர் எச்சேரிச் சேவல் என்பதையும் பொறித்தனர். நாய்க்குப் பெயர் வெட்டிய நாட்டில் ஆளுக்கு எண் வெட்டிப் போனான் அயலான்.

இக் கல்வழக்குக்குத் தாய்நிலங்களுள் ஒன்று நம் பழைய சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரியுமுன் இவையெல்லாம் ஒரே நிலம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது அவன் நடுகல்லின்முன் நின்று ஔவை அழுத அழுகை புறநானூற்றில் இருக்கிறது. நாடுகளையே வாங்க மறுத்தவன், கல்லாய் நின்று சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என்று அவள் கேட்டாள். அத் தகடூரே இன்றைய தருமபுரி. அவ்வூர் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாய் நிற்கின்றன. ஏரிக்கரைகளிலும் புளியந்தோப்புகளிலும் நின்றுவிட்டவற்றை நம் மக்கள் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். எழுத்து மறந்தது, வழக்கு மறக்கவில்லை.

இத்துணையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், 1923ஆம் ஆண்டு வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நாட்டில், அஃதாவது இன்றைய கானாவில், ஆளுநராயிருந்த குகிசுபெர்க்கு என்னும் வெள்ளையர் சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்காட்டவே. அந்நாட்டுப் பொதுமக்களுக்குக் கல்லறைக் கல்லின் பொருள் விளங்காது; அதன் அருமையை அவர்கள் அறியார் என்பதே அவர் கருத்து. ஆகவே, பெருஞ்செலவு செய்து ஆளுக்கொரு கல் நடவேண்டுவதில்லை என்று முடிந்தது. ஆப்பிரிக்க மக்களுக்கு அஃது எத்தகைய இழிவு! அதே மனப்பாங்குதான் நம்மவரையும் ஆண்டது. கல்லுக்குத் துறை வகுத்து இலக்கணம் எழுதிய இனத்தின் மகனையும் கல்லின் அருமை அறியாதவன் என்னும் கணக்கிலேயே அவர்கள் எழுதிக்கொண்டனர்.

இது நாம் புனையும் பழியன்று; அவர்களே ஒப்புக்கொண்டதுதான். பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தோன்றியது. உயர்ந்தோன் தாழ்ந்தோன், இன்ன இனம் இன்ன சமயம் என்னும் வேற்றுமையின்றி, வீழ்ந்த ஒவ்வொருவனும் பெயரால் நினைக்கப்படல் வேண்டும் என்பதே அதன் கொள்கை. கேட்கச் செவிக்கு இனிது. ஆனால் 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவ்வாணையத்தின் வழிவந்த பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதற் பெரும்போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோருள் 45,000 முதல் 54,000 வரையினோர் மற்றவரோடு ஒப்ப மதிக்கப்படாமல் நினைக்கப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர்வரை, பெயரால் நினைக்கப்படவேயில்லை. அவருள் பலர் எவ்வகையானும் நினைக்கப்படாமலே போயிருக்கலாம். இவ்வாறு கூறி அவ்வாணையம் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு. கேட்டவரை நான் குறைகூறேன். கேட்கவேண்டிய வேறு சிலர் இன்னும் கேட்கவில்லை. அவருள் நாமும் இருக்கிறோம். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஈராக்கு நாட்டுப் பாசுராவில் 1929இல் ஒரு பெரிய நினைவகம் திறந்தனர். அந்நிலத்துப் போரில் மாண்டு, புதைத்த இடமும் அறியப்படாத நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குரியது அது. வெள்ளைப் படையாட்கள் பெயர் பெயராகக் கல்லில் ஏறினர். இந்தியருள் தலைவர் நிலையினர் பெயரும் ஏறியது. ஆனால் கீழ்நிலை இந்தியப் படையாட்கள்? இன்ன படைப்பிரிவு, அதில் இத்தனை பேர் என எண்ணாக மட்டுமே ஏறினர். வேலூர் மணிக்கூண்டில் கண்ட அதே கணக்கு!

அந்த எண்களுள் ஒன்று என் குடும்பத்தது. என் பாட்டியின் மூத்த தமையன் இராசிபுரத்துக்குத் தெற்கே எம் சிற்றூரிலிருந்து மண் தோண்டிப் பாதை போடும் படையிற் சேர்ந்து கப்பலேறினான். மழை பொய்த்த காலம் அது. வீட்டில் உண்ணும் வாய் ஒன்பது. அவன் ‘பசுரா’வில் செத்தான் என்று மட்டும் வீட்டார்க்குத் தெரியும். பாசுரா ஊரா, நோயா, கடலா என்பது என் பாட்டிக்குச் சாகும்வரை தெளிவில்லை. போர் முடிந்தபின் உள்ளங்கையினும் பெரிய வட்டமான வெண்கலத் தகடு ஒன்று வந்தது. மாண்டவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆங்கில அரசு அனுப்பிய தகடு அது. அரிமாவும் ஒரு பெண்ணுருவும் பொறித்து, மாண்டவன் பெயரை ஆங்கில எழுத்தில் வார்த்திருப்பர். அதிலிருப்பது தம் மகன் பெயர் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் இலர். படித்துச் சொல்வாரும் இலர். பஞ்சம் வந்தபோது செவ்வாய்ப்பேட்டையிற் கொண்டுபோய் எடைக்கு விற்றனர். அதற்கு ஈடாக வந்த செம்பில் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன். அவன் பெயர் எழுதப்பட்ட ஒரே பொருள் உருகிப்போயிற்று.

அவனுடைய தாய் ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரையில் ஒரு கூழாங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, ஒரு பிடி சோறு வைப்பாளாம். இதைப் பாட்டி சொன்னபோது சிறுவனாகிய எனக்கு நகைப்பாயிருந்தது. கல்லூரியில் தொல்காப்பியம் கற்றபோதுதான் சுட்டது. கல்லைக் கண்டாள், கொணர்ந்தாள், நீராட்டினாள், நட்டாள், படையலிட்டாள், வாழ்த்தினாள். எழுத்தறியாத அக் கிழவி புறத்திணையியலை ஒரு படி வழுவாமல் செய்திருக்கிறாள். எழுதுதல் ஒன்றுதான் குறை. அந்தக் குறை அவளதன்று.

நம் அன்பர் சிலர் இவ்விடத்தில் என்னைத் தடுப்பர். ‘வெள்ளையனுக்குக் கூலிப் படையாகப் போனவனுக்குக் கல் எதற்கு? அவன் தமிழ்நிலத்துக்காகவா செத்தான்?’ என்பர். உணர்ச்சியாற் கேட்கும் கேள்வி, மதிக்கிறேன். ஆனால் நடுகல் வழக்கை உள்ளவாறு அறிந்தவர் இதனைக் கேளார். ஆநிரை கவரப் போனவனுக்கும் கல் உண்டு. மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு. எவன் பக்கம் முறை இருந்தது என்று கல் வழக்காடாது. தன் தலைவனை எதிர்த்து நின்று மாண்டு கல்லாகிவிட்ட பகைவரைத் திருக்குறளின் படைமறவன் சொல்லிக்காட்டுவதை நினையுங்கள். பகைவனும் கல்லாய் நிற்கிறான்! போரை மூட்டியவனை வரலாறு தண்டிக்கட்டும். வயிற்றுக்காகப் போய்ச் செத்த உழவன் மகனை நாம் ஏன் தண்டிக்கவேண்டும்? அவனை வெள்ளையன் பெயரில்லாதவனாக்கினான். நாமும் அவ்வாறே விட்டுவிட்டால் அது வெள்ளையனை எதிர்த்ததாகுமா, அவன் பணியை முடித்துக்கொடுத்ததாகுமா?

படையாள் அல்லாமலே போரில் மாண்டவரும் உளர். கங்காணி ஓலை காட்டிச் சேலம், திருச்சி, தஞ்சை, வடார்க்காடு மாவட்டங்களிலிருந்து மலேயா இரப்பர்த் தோட்டங்களுக்கு ஏற்றிப்போன நம்மக்களைச் சொல்கிறேன். 1942இலும் 1943இலும் சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப்பாதை அமைத்தனர். வெள்ளைச் சிறைப்படையினர் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டு 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியக் கூலியாட்களில் மாண்டோர் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவருள் பெருந்தொகையினர் தோட்டத் தமிழர். காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவரைக் குழியில் தள்ளி மூடினர். இன்று தாய்லாந்துக் காஞ்சனபுரியிற் போய்ப் பாருங்கள். வெள்ளையர் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம், புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாக நிற்கின்றன. அதனை நான் பழிக்கவில்லை. மாண்டாரை அவ்வாறுதான் போற்றவேண்டும். ஆனால் அவர்க்குப் பக்கத்தில் மண் சுமந்து செத்த நம்மவர்க்குப் பெயர்ப்பட்டியல்கூட எவரும் முறையாக வைத்திலர்.

எண்பதாண்டு கழிந்து, 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், காஞ்சனபுரியில் ஒரு கோயில் வளாகத்தில் அவர்க்காகத் தமிழர் கல் நட்டனர். தமிழ்நாட்டரசும் பொருளுதவி செய்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நடுகல்’. செய்தித்தாளில் அச் சொல்லைக் கண்டபோது எழுந்து நின்றுவிட்டேன். நினைவுச் ‘சின்னம்’ என்றும் வீரர் ‘ஸ்தூபி’ என்றும் கண்ட கண்ட சொல்லை ஒட்டிக்கொண்டு திரியாமல், தொல்காப்பியன் சொல்லை அயல்மண்ணில் நாட்டினரே!

அத் தோட்டத் தமிழரிற் பல்லாயிரவர் இந்தியத் தேசியப் படையிலும் சேர்ந்தனர். அப்படையில் வீழ்ந்தோர்க்காக 1945 சூலை 8இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் போசு ஒரு நினைவகத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆங்கிலேயர் திரும்பிவந்ததும் மவுண்ட்பேட்டன் கட்டளைப்படி அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். தம் கல்லறைக் கற்களுக்குப் பூச்செடி வைத்த அதே கைகள்! கல்லின் அருமையை நாம் அறியோம் என்று எண்ணினார்களே, அறியாதவனுடைய கல்லை ஏன் அஞ்சி உடைக்கவேண்டும்?

ஈழத்திலும் இதுவே நடந்தது. கோப்பாய்த் துயிலுமில்லத்துக் கல்லறைகளைச் சிங்களப் படையினர் சிதைத்தனர்; மக்கள் மீண்டும் கட்டினர்; போர் முடிந்தபின் அவற்றை மீண்டும் பெயர்த்தெறிந்து, 2011இல் அந்நிலத்தின்மீதே படைத் தலைமையகம் திறந்தனர். மாண்டவர் ஏந்திய கொள்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். தாய் அழுவதற்கு இருந்த கல்லைப் பிடுங்குவதை எந்தக் கொள்கையும் ஏற்காது.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். இவ்வளவும் பேசும் நாம் நம் ஊர்க் கற்களை என் செய்தோம்? இச் சேலம் நாமக்கல் வெளியில் நான் முப்பதாண்டாக மிதிவண்டியிலும் பேருந்திலும் அலைந்து பார்த்துவிட்டேன். நடுகல்லைத் துணி துவைக்கும் கல்லாகக் கண்டேன். மாட்டுத்தொழுவத்துக்குப் படியாகக் கண்டேன். வரப்பில் குப்புறக் கிடந்த ஒன்றைப் புரட்டியபோது வாளோங்கிய கை தெரிந்தது, முகம் தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் புதையல் இருக்குமென்று கல்லையே பெயர்த்துப் பிளந்திருந்தனர். அது வெள்ளையன் செய்த வேலையன்று.

இன்று எல்லையில் மாண்ட இளைஞன் உடல் ஊருக்கு வந்தால் என்ன நடக்கிறது? மூன்று நாள் விளம்பரத் தட்டிகள். அவற்றில் மாண்டவன் படம் கையளவு. கட்சித் தலைவர் படம் ஆளுயரம். மழை பெய்து தட்டி கிழிந்தால் அதைக் கோழிக்கூட்டுக்கு மேல் போர்த்துகின்றனர். நிலையான கல் வைப்போர் வைத்தாலும் அதில் ஆங்கிலமே மேலே நிற்கிறது. அதைத் திறந்துவைத்தவர் பெயரே பெரிது.

ஒன்று மட்டும் நம்பிக்கை தருகிறது. பெயர்கள் முற்றும் அழிந்துவிடவில்லை. பாசுராவின் கல்லில் ஏறாத பெயர்கள் ஆணையத்தின் பதிவேடுகளில் இருக்கின்றன. இன்று அவற்றை இணையத்திலேயே தேடலாம். பலர்க்குத் தந்தை பெயரும் ஊரும் வட்டமும் மாவட்டமும் குறித்திருக்கின்றனர். ஆனால் எல்லாம் ஆங்கிலன் காதில் விழுந்தபடி! முத்துச்சாமியும் பெரியண்ணனும் அவன் எழுத்தில் என்ன பாடு பட்டிருப்பர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. எவ்வூர் எவ்வூர் என்று கண்டுபிடிக்க அவ்வவ்வூர்க் கிழவர்களைக் கேட்கவேண்டும். சிதைந்த எழுத்துக்குள்ளிருந்து தமிழ்ப்பெயரை மீட்கத் தமிழாசிரியர்தாம் வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு கோடை விடுமுறையில் தம் வட்டத்துக்கு இதனைச் செய்துவிடலாம். ஊராட்சி ஒரு கல்லுக்கு இடமும் கூலியும் தந்தாற் போதும். அரசை எதிர்பார்த்து மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டா. எடுத்தனூர்க் கல்லை அரசுத்துறையா நட்டது?

சென்ற கோடையில் எம்மூரில் தொடங்கினோம். ஏழு பெயர்கள் தேறின. கூட்டத்தில் ஒருவர் பெயரோடு குலப்பட்டமும் வெட்டவேண்டும் என்றார். கப்பலில் அவர்கள் ஒரே பானையில் உண்டிருப்பர், ஆகையால் ஒரே கல்லில் வெறும் பெயரோடு நிற்கட்டும் என்றேன். முகம் சுளித்துப் போய்விட்டார், மறுநாள் தாமே வந்து ஐந்நூறு உருபா தந்தார். இன்னொருவர் கொடையாளர் பெயரை முன்பக்கம் வைக்கலாமே என்றார். பின்பக்கமும் வேண்டா என்று முடித்தோம்.

பாட்டியின் தமையனுக்குரிய பதிவைத் தேடுவது எளிதாயில்லை. ஊர்ப்பெயர் ஒத்தது, தந்தை பெயர் ஒத்தது, அவன் பெயர்தான் உருத்தெரியாமல் கிடந்தது. மூன்று முறை வாய்விட்டுப் படித்தபின், பாட்டி அவனை அழைத்த குரல் அதற்குள்ளிருந்து கேட்டது. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். ஏரிக்கரை வேடியப்பனுக்கு நாலடி தள்ளி இடம் அளந்தோம். பெயர்களை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், பிழையில்லாமல் வெட்டவேண்டும் என்றார் அவர். எழுதிக் கொடுத்தேன்.